நீர்க்குறி

மாலை ஐந்து பத்துக்கு
மஸ்ஜித் ஜாமெக்கில் மழை இறங்கியபோது
பங்சாரில் பதினேழாம் மாடியில்
குளிரூட்டிக்குக் கீழே சால்வையோடு இருந்தேன்.
மழை எனக்குத் தெரியவில்லை.
ஏழாம் பகிர்வு மெலிந்தது தெரிந்தது.

நொடிக்கு நாற்பது வரிசை வருகிற இடம்.
முப்பது. பன்னிரண்டு. இரண்டு.
பிறகு குழாயில் வெறும் காற்று.

ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து கட்டம்:
அட்டை எண், நிலையம், வாயில்,
உள்ளேயா வெளியேயா,
தட்டிய நேரம்.
ஆறாவதை நாங்கள் சேர்ப்போம்,
எங்களிடம் வந்து சேர்ந்த நேரம்.
இந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் இருக்கிறது
என் சம்பளம்.

உள்ளே போனதை வெளியே வந்ததோடு
இணைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.
ஒன்பது எந்திரங்கள்,
ஒன்றுக்கொன்று முகம் பார்த்ததில்லை.
ஓர் அட்டையின் இரண்டு தட்டலும்
ஒரே எந்திரத்தின் மடியில் விழுமாறு
எண்ணைப் பிரித்து அனுப்புகிறோம்.

துணை வராத வரிசையை எத்தனை நேரம் வைத்திருப்பது?
மார்ச் மாதக் கூட்டத்தில் கேட்டார்கள்.
நினைவகம் காசு.
"ரெண்டு மணி நேரம் தாராளம்" என்றவள் நான்.
வெய் ஷெங் தலையாட்டினான்.
நோர்ஹயாத்தி குறித்துக்கொண்டார்.
அப்புறம் கறிபஃப் வந்தது.

அந்த எல்லைக்கு எங்கள் பேச்சில் நீர்க்குறி என்று பெயர்.
இதற்கு முந்தியதெல்லாம் வந்தாயிற்று என்று
ஓடுகிற தண்ணீரின் மேல் போடும் கோடு.
அளந்து போடுவதாகச் சொல்லிக்கொள்வோம்.
நம்பிப் போடுவதுதான்.

கோடு நகர்ந்தது. சாளரம் மூடியது.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுப் பேர்
இன்னும் ரயிலுக்குள்ளேயே இருப்பதாக முடிவாகி
ஆளுக்கொரு முழுக் கட்டணம்.

இரவு பதினொன்றே முக்காலுக்கு
வாயில்களுக்கு உயிர் வந்தது.
வயிற்றில் அடக்கி வைத்திருந்ததை
மொத்தமாகக் கொட்டின.
மாலை ஐந்தரை மணி
நள்ளிரவு வாசலில் நனைந்து நின்றது.
தாமதம் என்று நிரல் அதை ஓரத் தட்டில் ஒதுக்கியது.
நிரலை எழுதியதும் நான்தான்.

விடிய விடியத் திருத்தினேன்.
பழைய வரிசைக்கு ஒரு கழித்தல்,
புதியதற்கு ஒரு கூட்டல்.
அட்டவணை என்று நாம் பார்ப்பது
இதுவரை வந்த திருத்தங்கள்
ஒரு கணம் மூச்சுப் பிடித்து நிற்பது.
இரண்டு வெள்ளி பத்து,
மூன்று வெள்ளி எழுபது,
யார் யாருக்கோ திரும்பிப் போயின.
அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தொன்று மட்டும் சேரவில்லை.
வாயில் பராமரிக்கும் பொன்னுரங்கத்தை
ஐந்தே காலுக்கு எழுப்பினேன்.
"மொதல்ல லைன் போச்சு. அப்புறம் தண்ணி.
முழங்கால் வந்ததும் கதவத் தெறந்து விட்டுட்டோம்.
அந்த நேரத்துல யாரும்மா தட்டுவா?
செருப்பக் கையில தூக்கிக்கிட்டு ஓடுனாங்க."

செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடியதற்கு
என்னிடம் கட்டம் இல்லை.
வெற்று என்று விட்டேன்.
வெற்று வேறு, பூஜ்யம் வேறு.
பூஜ்யம் என்றால் கணக்கு முடிந்தது.
வெற்றுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.
நோர்ஹயாத்தி ஒன்பது மணிக்குக் கேட்பார்.
"பன்னிரண்டு மணி நேரம் வைத்திருப்போம்" என்பேன்.
எவ்வளவு ஆகும் என்பான் வெய் ஷெங்.
அதுவும் நியாயம்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில்
தேவையில்லாமல் மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கினேன்.
கொம்பாக் ஒரு பழுப்பு, கிள்ளான் இன்னொரு பழுப்பு;
எந்தத் துளி எதன் துளி என்று
எண் ஒட்டாமலே இணைந்துகொண்டிருந்தன.
நடைபாதைச் சுவரில்
சேறு இழுத்த கோடு, என் முழங்காலுக்கு மேல் ஒரு சாண்.
இது நம்பிப் போட்டதல்ல.

ஒருவர் குழாய்த் தண்ணீரால்
அதை அழிக்கத் தொடங்கியிருந்தார்.
அட்டையைத் தட்டி வெளியே வந்தேன்.
பீப்.
ஏழாம் பகிர்வில் எங்கோ
நானும் ஒரு வரிசை,
வந்து சேர்ந்த நேரம்
இன்னும் எழுதப்படாமல்.